பத்துக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்

எங்கள் களத்திலிருந்து மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கும் நகரத்துக் குடும்பங்களுக்கு,



உங்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் கதவு எண், தெருப் பெயர், எத்தனையாவது மாடி என்பதுவரை எனக்கு மனப்பாடம். ஏழெட்டு வருடமாக மூட்டைகளின் மேல் கறுப்பு மார்க்கரில் எழுதுவது நான்தான். பார்சல் லாரியில் ஏற்றிவிட்டு வந்து படுக்கும் இரவுகளில், இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருக்கும், விடியும்போது தாம்பரம் போயிருக்கும் என்று மூட்டைகளின் பின்னாலேயே மனசு போய்க்கொண்டிருக்கும்.

இது ஆனி மாதம். கோடை மழைக்குத் தெளித்த தக்கைப்பூண்டு இடுப்பளவு நிற்கிறது. பூவெடுத்ததும் மண்ணுக்கு உரமாக மடக்கி உழ வேண்டும். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்கால் வேலை. எவ்வளவு விதை ஊறப்போடுவது என்று நானும் வீட்டுக்காரரும் ராத்திரி ராத்திரி பேசுகிறோம், முடிவுக்கு வர முடியவில்லை. இது நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து எடுக்கிற முடிவில்லை என்று போன வருடம்தான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரியின் கடைமடை. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, ஊர் ஊராக நின்று நின்று எங்கள் மதகுக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். சில வருடம் ஆடியே முடிந்திருக்கும். தண்ணீர் வரும்போது நாங்கள் கடைசி. வெள்ளம் வரும்போது மேலே உள்ள வயலெல்லாம் வடிந்து எங்கள் பக்கம்தான் வந்து நிற்கும். ஒரு போர் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று உங்களில் ஒருவர் அக்கறையோடு கேட்டிருந்தீர்கள். கடல் பக்கத்து ஊர், கீழே போகப் போக உப்புத் தண்ணீர். அதைப் பாய்ச்சினால் இருக்கிற மண்ணும் கெட்டுப்போகும்.

எங்களுக்கு ஒன்பது மா. மூன்று மா ஒரு ஏக்கர், ஆக மூன்று ஏக்கர். இரண்டு ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் கோயில் நிலத்துக் குத்தகை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒருவர் கையில் இருக்கும் நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நீங்கள் சாப்பிடுகிற சோறு, காய், கீரை எல்லாம் இந்த மாதிரித் துண்டு துண்டு நிலங்களிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது.

என் அப்பா ஏ.டி.டி. 27 நெல் நட்டவர். ஆடுதுறையிலிருந்து அந்த ரகம் வந்த புதிதில், அதற்கு முன் களத்தில் பார்த்திராத அளவுக்கு நெல் கண்டதாகச் சொல்வார். பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது, வெள்ளைப் பொன்னி வந்தது. அந்த நெல்லையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் நாட்டுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் அதன் பின்னாலேயே யூரியா வந்தது, புகையான் பூச்சி வந்தது, புகையானுக்கு மருந்து வந்தது, மருந்துக்குக் கடன் வந்தது. அப்பாவின் கடைசிக் காலத்தில் வயலில் நத்தையும் இல்லை, நண்டும் இல்லை. உழும்போது ஏரின் பின்னால் வருகிற கொக்குகள் எங்கள் வயலை விட்டுவிட்டு அடுத்த வயலுக்குப் போயின. அதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோரத்து வயல்களில் கடல் ஏறியது. இனி பல வருடம் அங்கே ஒன்றும் விளையாது என்று பேசிக்கொண்டார்கள். இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்த நம்மாழ்வார் ஐயா வந்து, தக்கைப்பூண்டு விதைக்கவும் தழைகளை மண்ணுக்குள் போடவும் சொல்லிக்கொடுத்து, அந்த மண்ணை மீட்டுக் காட்டினார். வேதாரண்யம் பக்கத்தில் என் அம்மா பிறந்த ஊர். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எங்கள் வயலிலும் தக்கைப்பூண்டு தெளித்தோம். அதற்குப் பிறகு ஆதிரெங்கத்து நெல் திருவிழாவுக்குப் போனோம். அங்கே பாரம்பரிய விதைகளைப் பரப்பிய நெல் ஜெயராமன் அண்ணன் இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் அவ்வளவுதான். அப்படி வாங்கி வந்த இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாதான் இன்று உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்களைப் புரட்டிப் போட்டது. விழுந்த தென்னைகளை அறுத்து முடிக்கும் முன்பே, டிசம்பர் 6 அன்று ஜெயராமன் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று எழுதினார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள், நார்ச்சத்து, சர்க்கரை வியாதி என்று. எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது, அது நிற்கிற விதம். நூற்று அறுபது நாள் பயிர். நெஞ்சு உயரத்துக்கு மேல் வளரும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தண்ணீர் கட்டி நின்றாலும் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். குட்டை ரகம் அதில் அழுகிவிடும். உயரத்தால் ஒரு கஷ்டமும் உண்டு. கதிர் முற்றின நேரத்தில் காற்று அடித்தால் மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

இனி, உங்களுக்கு நான் சரியாகச் சொல்லாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். பார்சலோடு வைக்கிற துண்டுச் சீட்டில் "எங்கள் குடும்பம் விளைவித்தது" என்று எழுதியிருந்தேன். அது முழு உண்மையில்லை. நானும் வீட்டுக்காரரும் மட்டுமாக மூன்று ஏக்கரை நட்டுவிட முடியாது. நடுவது பதினைந்து பெண்கள். புரட்டாசியில் விடியுமுன் வருவார்கள். முதல் நாளே ஆண்கள் நாற்றுப் பறித்து, வேர் மண்ணைக் காலில் தட்டி உதறி, முடியாக, அதாவது சின்னக் கட்டாக, கட்டி வைத்திருப்பார்கள். பெண்கள் ஆளுக்கு ஒரு முடியை இடது கையில் பிரித்து வைத்துக்கொண்டு, குனிந்தபடி பின்னோக்கி நடந்து நட்டுக்கொண்டே போவார்கள். வலது கையின் மூன்று விரல் மட்டும் சேற்றுக்குள் போய் வரும். ஆழம் கூடினால் தூர் கட்டாது, குறைந்தால் நாற்று மிதந்துவிடும். விரல் கணுதான் அவர்களுக்கு அளவு. நான் கற்றுக்கொள்ள இறங்கிய முதல் வருடம், நான் நட்ட வரிசையில் பாதி மறுநாள் காலை தண்ணீரில் மிதந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் ஓர் அக்கா அதைத் திரும்ப நட்டுக் கொடுத்தார்.

அந்த அக்காதான் எங்களுக்கு நடவுக்கு ஆள் சேர்த்து வருகிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார். அவர் குழுவில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருத்தரும் இல்லை. பிள்ளைகளெல்லாம் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில். நடவு மாதம் முழுக்க அவர் கால் விரல் இடுக்கெல்லாம் செக்கச் செவேலென்று இருக்கும். அது மருதாணி. சேற்றுப்புண்ணுக்கு ராத்திரி அரைத்துப் பூசிக்கொண்டு படுத்து, காலையில் அந்தக் காலோடு மறுபடி சேற்றில் இறங்குவார். நூறு நாள் வேலை வந்துதான் விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எங்கள் ஊரிலேயே பலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வேலைக்கு இவ்வளவு கொடு என்று அக்கா நிமிர்ந்து கேட்க முடிந்ததே அது வந்த பிறகுதான்.

கூலி என்ற சொல் எங்கள் பகுதியில் லேசான சொல் இல்லை. கீழவெண்மணி எங்களுக்கு வெகு தூரமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த மண்ணுக்கு வந்து தங்கி, காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஜெகந்நாதன் ஐயாவும் 1981-இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் எழுதி வைத்தார்கள். இயற்கை விவசாயம் பற்றிப் பேசும்போது மண்புழுவையும் நாட்டு மாட்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். இந்த வரலாற்றைப் பேசுவதில்லை. ரசாயனம் படாத நெல் என்று நான் சீட்டில் எழுதுகிறேன். நியாயமான கூலியில் விளைந்த நெல் என்று என்னால் இன்னும் எழுத முடியவில்லை.

போன வருடம் நடவு முடிகிற அன்று, கரையேறிக் கை கழுவிக்கொண்டே அந்த அக்கா கேட்டார்: "ஏம்மா, இம்மாம் ஒசரம் வளருதே இந்த நெல்லு, இத யாரு சாப்புடுறா?" மெட்ராஸுக்குப் போகிறது என்றேன். கிலோ என்ன விலை என்றார். எண்பத்தைந்து என்றேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. "எங்க பாட்டி காலத்துல கூலிக்கே இதத்தான் அளந்தாங்களாம். பழைய சோத்துத் தண்ணி ரத்தம் மாதிரி செவப்பா இருக்குமாம்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாளியில் இருந்தது ரேஷன் அரிசிச் சோறு. 2011-இலிருந்து அது இலவசம். அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரியாது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருடமாக மாப்பிள்ளைச் சம்பாவைத் தன் கையால் நடுகிறவர், அந்தச் சோறு எப்படி இருக்கும் என்பதைப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துவைத்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை.

ஒரு ஏக்கர் கணக்கை ஒளிவு மறைவில்லாமல் உங்கள் முன் வைக்கிறேன். எங்கள் வயலில் மாப்பிள்ளைச் சம்பா நல்ல வருடத்தில் ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை காணும், மூட்டை 60 கிலோ. விதைக்கு எடுத்து, பதர் தூற்றி, எலிக்கு விட்டது போக 1,000 கிலோ நெல் என்று வையுங்கள். அவித்துக் காய வைத்து அரைத்தால் 600 கிலோ அரிசி. செலவில் உழவுக்கும் தக்கைப்பூண்டு விதைக்கும் 8,500 ரூபாய். நாற்றுப் பறிக்க, நட 7,500. களை இரண்டு முறை 5,000. வரப்பு வெட்டு, இயற்கை உரக் கரைசல் எல்லாம் சேர்த்து 3,500. அறுப்புக்கு 6,000. சாய்ந்த பயிராக இருந்தால் இயந்திரம் மணிக்கணக்கில் நிற்கும், கூடுதலாகும். களத்துக்குக் கொண்டுவந்து உலர்த்த 2,000. அவித்து அரைக்க 5,000. சாக்கு, பார்சல் 4,000. மொத்தம் 41,500. அரிசி விற்று வருவது 51,000. மிச்சம் 9,500. ஆறு மாதம் நானும் அவரும் செய்த வேலைக்கு அதில் கூலி போடவில்லை.

இதே ஏக்கரில் சன்ன ரகம் நட்டு, உரம் போட்டு, முப்பது மூட்டை எடுத்துக் கொள்முதல் நிலையத்தில் கொட்டினால், கையில் இதைவிடக் கூடவே மிஞ்சும். 2024-25 பருவத்தில் அரசு சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய் கொடுத்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்து, மழை வருவதற்குள் எடைக்குப் போய்விட்டால் பணம் வங்கிக்கு வந்துவிடும். வாங்க ஆள் வருமா என்ற கவலை இல்லை, புழு வந்ததென்று போன் வராது. பின்னே ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று என் மகனே கேட்கிறான். உழும்போது கொக்கு திரும்ப வந்துவிட்டது, அதுதான் காரணம் என்று அவனிடம் சொல்வேன். விதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, உரக்கடையில் எங்கள் பெயருக்குப் பாக்கி இல்லை, மாட்டுக்கு வைக்கோல் தாராளமாகக் கிடைக்கிறது. அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்துவிட்டால் மாசிப் பனியைக் குடித்தே வளர்ந்து வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு இந்த வயதில் மறுபடி மருந்து டப்பாவைத் தோளில் மாட்ட வீட்டுக்காரருக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை.

நீங்கள் சொன்ன குறைகளுக்கு வருகிறேன். இரண்டு வருடம் முன்பு சிலருக்கு அரிசி வெளுப்பாக வந்தது. கலப்படமோ என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். எங்கள் ஊர் ரைஸ் மில் மூடிய பிறகு, தூரத்தில் ஒரு மில்லுக்கு ஒன்பது மூட்டை கொண்டுபோனோம். அங்கெல்லாம் லோடு கணக்கில் வேலை. எங்கள் ஒன்பது மூட்டைக்காக இயந்திரத்தை நிறுத்தித் துடைத்துத் தனியாக ஓட்ட அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மேல்தோல் போகாமல் அரைத்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாலிஷ் போட்டுத் தள்ளிவிட்டார்கள், வேறு யாருடைய வெள்ளை அரிசியோ கொஞ்சம் அதில் கலந்தும் விட்டது. சிவப்புத் தவிடு முழுக்க ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. நான் அந்தக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கடன்காரர் வாசலில் நின்றதால் அந்த அரிசியை உங்களுக்கு அனுப்பினேன். விலையைக் குறைத்துக்கொண்டேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. அது என் தப்பு. இப்போது நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரு சின்ன உமி நீக்கும் இயந்திரத்தைத் தவணையில் எடுத்திருக்கிறோம். அவிப்பது வீட்டுக் கொல்லையில், அண்டாவில். முதல் நாள் ஊறிய நெல் ஆவியில் வாய் பிளக்கும்போது ஒரு வாசனை வரும். தெருவே அது எங்கள் வீடு என்று கண்டுபிடித்துவிடும். களத்தில் பரப்பிக் காலால் கோடு கோடாகக் கிளறிவிட்டு, நான்கு நெல்லை எடுத்து உமி நீக்கிக் கடித்துப் பார்ப்பேன். பல்லில் பட்டு 'கடுக்' என்று ஒடிய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காயணும். அந்தப் பதம் தவறினால் குருணை கூடிவிடும். உங்கள் பைகளில் குருணை அதிகமாக வந்த மாதமெல்லாம் மேகம் மூடியிருந்த மாதங்கள்.

வண்டு பற்றி இரண்டே வார்த்தை. கிடங்குகளில் வைக்கிற நச்சு மாத்திரையை நாங்கள் வைப்பதில்லை. தவிட்டோடு இருக்கிற அரிசி, அதில் எண்ணெய்ப் பசை உண்டு. மூன்று மாதம் தாண்டினால் சிக்கு வாடை வரும், வண்டும் தேடி வரும். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். வண்டு வந்துவிட்டால் நிழலில் பரப்பிப் புடைத்தால் போய்விடும். அரிசியைக் கொட்டிவிடாதீர்கள்.

குறை என்றால் 2021 தையையும் மறக்க முடியாது. பொங்கலை ஒட்டி, பெய்யவே கூடாத நேரத்தில் டெல்டா முழுக்க மழை கொட்டியது. அறுப்புக்கு இருந்த பயிர் எல்லாம் படுத்துவிட்டது. ஐந்தாம் நாள் தண்ணீரை வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், கதிரிலேயே நெல் முளைத்துப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. வீட்டுக்காரர் ஒரு கதிரைக் கையில் எடுத்து, அந்த முளைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே நின்றார். சேற்றில் டயர் வைத்த அறுப்பு வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். அது ஊர் ஊராகச் சுற்றி வருவதற்குள் பாதி போய்விட்டது. ஏக்கருக்கு ஏழு மூட்டை. அந்த அரிசியில் லேசாக ஒரு வாடை இருந்தது, பாதி குருணை. உண்மையைச் சொல்லித்தான் அனுப்பினேன்.

உங்களில் பலர் அந்த மாதத்தோடு நிறுத்திக்கொண்டீர்கள். கோபமில்லை. சோறு நன்றாக இல்லையென்றால் யார் வாங்குவார்கள்? ஆனால் பதினொரு வீட்டில் மட்டும், இருப்பதை அனுப்புங்கள் அம்மா, கஞ்சி வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதில் இரண்டு பேர் அடுத்த சாகுபடிக்கென்று முன்பணமும் போட்டுவிட்டார்கள். அந்தப் பணத்தில்தான் அந்த ஆடியில் உழவு ஓட்டினோம். அந்தப் பதினொரு வீடு இல்லாமல் போயிருந்தால் நான் இப்போது கொள்முதல் நிலைய வாசலில் நின்றிருப்பேன்.

இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு புரிந்தது. நல்ல ஏக்கர் 600 கிலோ அரிசி தருகிறது. ஒரு சின்னக் குடும்பத்துக்கு மாதம் ஐந்து கிலோ, வருடத்துக்கு 60. ஆக, பத்துக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். எங்கள் மூன்று ஏக்கருக்கு முப்பது குடும்பம் போதும். எங்கள் நோட்டில் எழுபது பெயருக்கு மேல் இருக்கிறது. ஒரு மாதம் ஐம்பது பேர் கேட்கிறீர்கள், இல்லை என்கிறேன். இன்னொரு மாதம் எட்டுப் பேர் கேட்கிறீர்கள், மிச்சத்தில் வண்டு விழுகிறது. எழுபது பேர் வந்து போவதைவிட முப்பது பேர் கூடவே இருந்தால் போதும் எங்களுக்கு.

ஆகவே கேட்கிறேன். விதைப்பதற்கு முன்பே ஒரு ஏக்கருக்குப் பத்துக் குடும்பம் சேருங்கள். உங்கள் அடுக்ககத்திலேயே பத்து வீடு சேர்ந்தால் இன்னும் நல்லது, ஒரே பார்சலாக அனுப்பிவிடலாம். குடும்பத்துக்கு வருடம் 5,700 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு ஆடியில், உழவுக்கு. ஒரு பங்கு புரட்டாசியில், நடவுக்கு. கடைசிப் பங்கு அரிசி கைக்கு வந்த பிறகு. அந்த ஏக்கர் என்ன விளைகிறதோ அதுதான் உங்கள் பங்கு. 600 கண்டால் அதற்குத் தக்கபடி, 700 கண்டால் கூடுதலாக. தை மழை மறுபடி வந்து 300 ஆகிவிட்டால் பாதிதான் வரும், ஆனால் நீங்கள் முன்னால் கொடுத்த இரண்டு பங்கு உழவுக்கும் நடவுக்கும் போனது போனதுதான், திரும்பி வராது. அந்த வருடம் கடைசிப் பங்கை நான் கேட்க மாட்டேன். கஷ்டமான நிபந்தனைதான். இத்தனை நாள் அந்த நிபந்தனை எங்கள் பக்கம் மட்டும் இருந்தது.

இன்னொன்று. நல்ல வருடத்திலும் உங்களுக்கு 60 கிலோ வராது, 57தான் வரும். பத்துக் குடும்பத்தின் பங்கிலிருந்து மூன்று மூன்று கிலோ எடுத்தால் 30 கிலோ. ஏக்கருக்கு நட வரும் பதினைந்து பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா. கூலியில் கழிக்காமல், கூலிக்கு மேலே. நடவிலும் களையிலும் இப்போது ஆளுக்கு 350 ரூபாய் கொடுக்கிறோம். அதை 450 ஆக்குவதாக இருக்கிறேன், ஏக்கருக்கு 2,900 கூடுதல் செலவு. பழைய 51,000-க்கு மேல் விலையில் ஏறுகிற ஆறாயிரத்தில் இது போக மீதி மூவாயிரத்துச் சொச்சம் எங்களுக்கு மிஞ்சும். அதையும் உங்களிடம் சொல்லிவிடத்தான் வேண்டும்.

இதில் சேர முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் எனக்கும் தெரியும். உங்களுக்கு முன்பு போலவே, இருந்தால் அனுப்புவேன்.

சேருகிறவர்கள் புரட்டாசி நடவுக்கு ஒரு நாள் வந்து போங்கள். பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். படம் எடுப்பதென்றால் அக்காக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். மதியச் சோறு எங்கள் வீட்டில். மாற்றுத் துணி கொண்டுவாருங்கள், சேற்றில் இறங்காமல் யாரையும் திரும்ப அனுப்ப மாட்டார்கள்.

ஆடிப்பெருக்குக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் மூன்று ஏக்கருக்கும் இந்த விதையே. இருபது பேர்தான் என்றால் இரண்டு ஏக்கர், மூன்றாவதை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். விதை நெல் மச்சில் நொச்சி இலை போட்டுக் கட்டி வைத்திருக்கிறது. போன வாரம் ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று முளைத்தது.

மாசியில் புது அரிசி வந்ததும் முதல் அண்டா அக்காவின் தெருவுக்குப் போகும். உங்கள் பார்சல் அதற்கு அடுத்த வாரம் கிளம்பும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் முகவரிகளை எழுதுகிறவள்